நான் எழுதாத ஊர்ப் பெயர்

ஏழு நோயாளிகளின் ஊரை நான் மாற்றி எழுதினேன்.

கைத்தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்தே செய்தேன்... பேனா மூடியைக் கழற்றி, நிதானமாக, எல்லோரும் புகழும் என் அழகான கையெழுத்தில் பொய்யை எழுதினேன்! ஏழு பேரும் ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள். ஏழு பேரும் ஒரே ஊர்க்காரர்கள். அது நான் பிறந்த ஊர்.

இதில் என்ன பெரிய குற்றம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆளைக் கொன்றாயா, மருந்தை மாற்றிக் கொடுத்தாயா, முகவரியைத்தானே மாற்றினாய் என்பீர்கள். நானும் எனக்குள்ளே அப்படித்தான் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லியே நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன், திருவிழாவுக்குப் புதுச்சேலை எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

என் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில், புற்றுநோய்ப் பதிவேட்டுப் பிரிவில் வேலை. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அது ஒரு பாவமும் அறியாது. வார்டு வார்டாகப் போவேன். புதிதாக நோய் தெரிந்தவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்புவேன். பெயர், வயது, எந்த வகைப் புற்று, எப்போது தெரிந்தது... அதற்குக் கீழே ஒரு கட்டம்: வழக்கமான வசிப்பிடம். நோய் தெரிவதற்கு முன் ஓராண்டுக்குக் குறையாமல் அவர் எங்கே குடியிருந்தாரோ, அந்த ஊரை அதில் எழுத வேண்டும். சிகிச்சைக்காக வந்து தங்கியிருக்கும் வீட்டை எழுதக் கூடாது. ஆதார் அட்டையில் ஓர் ஊர் இருக்கும், மருத்துவமனைக் கோப்பில் வேறொரு முகவரி இருக்கும். எது எப்படி இருந்தாலும் கணக்கில் ஏறுவது அந்தக் கட்டத்தில் நான் எழுதுவதுதான்.

பயிற்சியின் முதல் நாளே எங்களுக்கு இதைச் சொல்லித் தந்தார்கள். ரத்தப் புற்றுநோய் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வருவதில்லை. ஒரு பக்கம் கூடுதலாக வரும், ஒரு பக்கம் குறைவாக வரும், இன்னொரு பக்கம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகும். ஏன் என்று யாராவது கேட்க வேண்டுமானால், முதலில் எங்கே என்று தெரிந்தாக வேண்டும். பாடம் நடத்திய பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: ஓரிடத்தில் நோய் குறைவாகத் தெரிந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள், அங்கே எண்ணியவர் ஒழுங்காக எண்ணினாரா என்று பாருங்கள். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதி, கீழே கோடும் போட்டேன். இன்னும் அந்தக் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது... கோடுகூட நேராகத்தான் இருக்கிறது.

என் ஊர் கடற்கரையில் இருக்கிறது. கத்தோலிக்க ஊர். கோவில், கொடிமரம், மீன் ஏலக் கூடம், சில தெருக்கள். இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் படிவம் ஜெரால்டு என்ற சிறுவனுடையது. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அவன் அம்மா லூர்தம்மாள் எங்கள் தெருக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பையனுக்குக் காய்ச்சல் விடாமல் அடிக்கவும், தொட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றவும், பயந்துபோய் டவுனில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கிருந்து மருத்துவமனை. மூன்று வாரத்தில் நோய் தெரிந்துவிட்டது. சீக்கிரம் வந்துவிட்டீர்கள், நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

நான் படிவத்தோடு போய் உட்கார்ந்தேன். ஊர்ப் பெயரின் முதல் எழுத்தை எழுதியிருப்பேன்... லூர்தம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா ஜெசி, எழுதாத. ஊர்ப் பேர அதுல எழுதாத."

"இது ஆபீஸ் பேப்பரு அக்கா. வெளிய ஒருத்தரும் பாக்க மாட்டாவ."

"இன்னைக்கு ஆபீஸ் பேப்பரும்ப. நாளைக்கு நர்சு வீடு வீடா வந்து விசாரிப்பா. அக்கம்பக்கத்துல கேப்பா. வார ஞாயித்துக்கிழமை எம் மூத்தவ ராணிக்கு மொத ஓலை வாசிக்காவளா... மாப்ள வீட்டுக்காரவ காதுல விழுந்துச்சுன்னா, ரத்தத்துல உள்ள சீக்குன்னு ஓடிருவாவ. ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். எங்கள் கோவில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லி அறிவிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்பார்கள். அதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பெயர். சட்டப்படி தம்பியின் நோய் ஒரு தடையே இல்லை. ஆனால் ஊர் வைத்திருக்கும் சட்டம் வேறு.

இந்த நோய் பெரும்பாலும் குடும்பவழியாகத் தொடர்ந்து வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதை லூர்தம்மாளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுக்கே போய், டாக்டரையும் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்லியிருக்கலாம். செய்தேனா? அது வாய் வலிக்கிற வேலை, நாலு பேரிடம் பேச்சு வாங்குகிற வேலை. கட்டத்தில் வேறொன்றை எழுதுவது எவ்வளவு சுலபம்!

எழுதிய முதல் எழுத்தை அடித்தேன். அவள் தங்கை வீட்டு முகவரியை, டவுன் தெருப் பெயரை, வார்டு எண்ணோடு எழுதினேன். லூர்தம்மாள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெரால்டுக்கு மஞ்சள்காமாலை, தேறியதும் அப்படியே நாசரேத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டோம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். சாயர்புரத்தில் கல்லூரி விடுதியில் இருந்த ராணிக்கும் அதே கதைதான். அவள் வாய் தவறி மாப்பிள்ளையிடம் சொல்லிவிடக் கூடாதே!

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு நான் ஊர்ப் பூசைக்குப் போயிருந்தேன். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசித்தபோது, பெண்கள் பக்கம் முன்வரிசையிலிருந்து லூர்தம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வெட்கமா, பயமா? ஒன்றும் இல்லை! ஒரு புனிதை மாதிரி இருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிய பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது. என் குற்றத்திலேயே எனக்கு இன்றைக்கும் கூசுவது இந்தப் பெருமைதான்.

ஒன்றைச் செய்துவிட்டால் அடுத்தது வழக்கமாகிவிடுகிறது. ஊரிலிருந்து யாருக்காவது இந்த நோய் என்று வந்தால், வார்டுக்குப் போகுமுன்பே என்னைத் தேடுவார்கள். 'நம்ம ஜெசிந்தா இருக்காள்ளா, பாத்துக்கிடுவா' என்று, யார் வீட்டில் என்ன நோய் என்பதைச் சொல்லாமலே, காதோடு காதாகப் பேச்சு போயிருந்தது. இரண்டாமவர் ஒரு பாட்டியா... இல்லை, நடுத்தர வயதுக்காரி. மகன் வீட்டு முகவரி. மூன்றாமவர் படகுக்காரர். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவர், ஆண்டில் சில மாதம் கொச்சித் துறைமுகத்திலேயே படகோடு கிடப்பவர். அவருக்குக் கொச்சி என்று எழுதினேன். மாநிலத்தை விட்டே அனுப்பிவிட்டேன் மனிதரை! நான்காவது, ஐந்தாவது... ஒவ்வொருவருக்கும் டவுனில் யாரோ ஒரு சொந்தக்காரர் இருந்தார்கள். சொந்தக்காரர் இல்லாத மீனவக் குடும்பம் ஏது?

ஒருநாள் ஊர்க் கமிட்டித் தலைவரே மருத்துவமனைக்கு வந்தார். யாரையோ பார்க்க வந்ததுபோல வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"எம்மா ஜெசிந்தா, நீ செய்யுததுல்லாம் கேள்விப்பட்டேன். ஊரு ஒனக்குக் கடன்பட்டிருக்கு."

"அப்படில்லாம் சொல்லாதிய அண்ணாச்சி."

"இல்லம்மா. இந்த ஊருல இந்தச் சீக்கு இருக்குன்னு பேரு விழுந்துட்டுன்னு வையி, நம்ம கரையில ஏறுத மீன எவன் வாங்குவான்? வியாபாரி வேற கரைக்குப் போயிருவான். பிள்ளைய கல்யாணமும் நிக்கும், தொழிலும் நிக்கும்."

அந்த வருடத் திருவிழாவில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பத்தாம் வகுப்பில் நான் மாவட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியபோதுகூட யாரும் போடாத நாற்காலி! உட்கார்ந்தேன்... கால்மேல் கால் போடாத குறைதான்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். எத்தனை, யாரிடம், எதைப்பற்றி என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த மன்னிப்பு எந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்ததோ, என்னிடம் வரவில்லை.

இனித்தான் நான் சொல்ல வேண்டியது வருகிறது.

ஏழாவது படிவம் எழுதிய பிறகு எங்கள் பிரிவில் ஒரு கூட்டம் நடந்தது. டாக்டர் கவிதா என்று ஓர் இளம்பெண் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக வந்திருந்தார். மதுரைப் பக்கம். நாங்கள் எழுதித் தரும் படிவங்களையெல்லாம் கணினியில் ஏற்றி, மாவட்டத்தின் வரைபடம் ஒன்றைச் சுவரில் காட்டினார். ரத்தப் புற்றுநோய் மிகுந்த இடம் அடர்சிவப்பு, குறைந்த இடம் வெளிர். டவுனின் சில வார்டுகள் சிவந்து கிடந்தன. ஆற்றங்கரை நெல் ஊர்கள் நடுத்தரம். எங்கள் கரை... வெள்ளைத் தாள்போல இருந்தது.

டவுனின் அந்தச் சிவப்பில் கொஞ்சம் நான் பூசியது. கரையின் வெளுப்பில் கொஞ்சம் நான் துடைத்தது.

டாக்டர் கவிதா அந்த வெளுத்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "இங்க ஏன் இவ்ளோ கம்மியா இருக்குன்னு எனக்குப் புரியல. நிஜமாவே கம்மியா, இல்ல இங்க உள்ளவங்க வேற ஊருக்குப் போய்ப் பாத்துக்கறாங்களா? ஜெசிந்தாம்மா, நீங்க அந்தப் பக்கம்தானே? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பாருங்கள்... கேட்டுவிட்டார்! என் பெயரைச் சொல்லி, நேருக்கு நேராக, கோபமில்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார். அதைவிட நல்ல வாசல் எனக்கு எப்போது திறந்திருக்கும்? எழுந்து நின்றேன். வாயைத் திறந்தேன்.

"கடல் காத்து மேடம்" என்றேன். "எங்களுக்கெல்லாம் உடம்பு கெட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். கிராம, வார்டு நர்சுகளுக்கு ஒரு பயிற்சி. காய்ச்சல் விடாமல் வருகிற, முகம் வெளிறிய, அடிபடாமலே உடம்பில் நீலம் கன்றிய குழந்தை வந்தால், டானிக் கொடுத்து அனுப்பாதே, அன்றைக்கே ரத்தம் எடுத்து அனுப்பு என்று சொல்லித் தரும் பயிற்சி. எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் நடத்த ஆள் இல்லை. எங்கே நோய் அதிகமோ அங்கே முதலில். டவுன் வார்டுகளுக்குப் பட்டியலில் முதலிடம். எங்கள் கரை கடைசி. அந்தப் பட்டியலை அழகான கையெழுத்தில் படி எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

எங்கள் கரைக்கு அந்தப் பயிற்சி வந்து சேரவே இல்லை. அதற்குள் ஸ்டெல்லா வந்துவிட்டாள்.

ஸ்டெல்லா யார் என்கிறீர்களா? ராணியின் மகள். எந்த ராணிக்காக முதல் பொய்யை எழுதினேனோ, அந்த ராணி. உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். குழந்தைக்கு நாலு வயது முடிந்திருந்தது. அவளைக் கொண்டுவந்தபோது மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பல்லிடுக்கில் ரத்தம். கால் முழுக்க நீலத் திட்டுகள். மூன்று மாதமாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. ஊர் நர்சு நல்ல பெண்தான். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்பு டானிக் கொடுத்திருக்கிறாள், டைபாய்டு என்று மாத்திரை கொடுத்திருக்கிறாள். அவளுக்கு வேறென்ன தெரியும்? அவளுக்குச் சொல்லித்தர வேண்டியவர்களின் காலைக் கட்டிப்போட்டவள் நானல்லவா?

வார்டு வாசலில் லூர்தம்மாள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சுட்டுளா ஜெசி. பிள்ள கால்ல அந்த நீலத்தப் பாத்த அன்னைக்கே தெரிஞ்சுட்டு. ஜெரால்டுக்கு இருந்தது மாதிரியே இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏங்க்கா சொல்லல?"

"எப்படிளா சொல்லுவேன்? ஒனக்கு எப்படித் தெரியும்னு சம்மந்தக்காரி கேட்டா என்ன சொல்ல? டவுனுக்குக் கொண்டு போங்க, டவுனுக்குக் கொண்டு போங்கன்னு மட்டும் சொன்னேன். இந்தச் சின்னக் காய்ச்சலுக்கு எதுக்கு டவுனுங்கா அவ. பதினோரு நா... பதினோரு நா வாயத் தொறக்காம இருந்துட்டேன்ளா!"

அவளுக்குப் பின்னால் ராணி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

"தம்பிக்கு இதுதான் வந்துச்சா?" என்றாள்.

லூர்தம்மாள் தரையைப் பார்த்தாள். ராணி என் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, நீங்க சொல்லுங்க. ஜெரால்டுக்கு இந்தச் சீக்குதான் வந்துச்சா?"

"ஆமா ராணி."

"அவன் பொழச்சிருக்கான்..." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இப்போதும் கண்ணை மூடினால் அந்த வெளிச்சம்தான் தெரிகிறது. "அப்போ இது வந்தா பொழப்பாவளா சித்தி? இது வந்தா செத்துருவாவன்னுல்லா எல்லாரும் சொல்லுதாவ! எம் பிள்ளையும் பொழச்சிருவால்லா?"

யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு பையன் இந்த நோயை வென்று வந்திருக்கிறான். வளர்ந்து, மீசை அரும்பி, தொழிற்பயிற்சி படித்துக்கொண்டிருக்கிறான். அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது! நோயை மறைத்தபோது அது குணமாகும் என்பதையும் சேர்த்தே மறைத்துவிட்டோம். வந்தால் சாவுதான் என்று நம்புகிற ஊர் எதற்காக ஓடிவரும்? மூடிக்கொண்டு வீட்டிலேதானே கிடக்கும்...

ஸ்டெல்லாவுக்கு அந்த நோய் மட்டும் இருந்திருந்தால் மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கலாம். நுரையீரலில் தொற்று ஏறியிருந்தது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால்... என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, ராணியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆறாம் நாள் காலை, சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்த நேரத்தில், குழந்தை போய்விட்டது.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து ராணி என் மேசைக்கு வந்தாள். கையில் ஏதோ சான்றிதழுக்கான தாள்கள். அவற்றை என்னிடம் நீட்டவில்லை.

"சித்தி, எம் பிள்ளைக்கு எந்த ஊரு எழுதியிருக்கிய?"

நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. படிவம் இழுப்பறையில் கிடந்தது. பெயர், வயது, நோய், தேதி எல்லாம் நிரப்பி, அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டிருந்தேன்.

"எடுங்க. எழுதுங்க. நான் பாக்கணும்."

எடுத்தேன். எழுதினேன். இத்தனை ஆண்டு வேலையில் அந்த நோய்க்கு நேராக, அந்தக் கட்டத்தில், என் ஊரின் பெயரை முதல்முறையாக எழுதினேன். ராணி குனிந்து, விரலை வைத்து, எழுத்தெழுத்தாக வாசித்தாள். படித்த பெண்தான், ஆனாலும் விரல் வைத்து வாசித்தாள்.

"என் ஓலைக்காகத்தான தம்பிக்கு இத எழுதல?"

நான் பேனா மூடியைத் திருகி மூடினேன்.

"அவனுக்கு அப்புறம் வந்தவங்களுக்கு?"

படிவத்தை இழுப்பறைக்குள் தள்ளினேன். அவள் திட்டியிருக்கலாம், என் மயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம். என் கன்னம் அதற்காகக் காத்திருந்தது என்றே சொல்வேன். அவள் தாள்களை மேசையில் வைத்தாள். "கையெழுத்து நல்லாருக்கு சித்தி" என்றாள். போய்விட்டாள்.

உண்மையை எழுதிவிட்டேனே, இனியாவது நெஞ்சு லேசாக வேண்டாமா? அந்த மாதக் கடைசியில் டாக்டர் கவிதா புதுப் படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவின் தாளில் கை நின்றது.

"அந்தக் கரையிலேர்ந்து இதான் முதல் கேஸ் போலிருக்கே... பாவம், சின்னக் குழந்தை." கொஞ்சநேரம் வரைபடத்தைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ண வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தற்செயலா இருக்கும், இல்லையா ஜெசிந்தாம்மா?"

இரண்டாம் முறையும் வாசல் திறந்தது. என் முன்னால் மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல பெண். ஏழு பேர் என் தொண்டையில் வரிசையாக நின்றார்கள். எனக்கு ஓய்வுபெற இன்னும் ஆறு ஆண்டுகள் என்பது நினைவுக்கு வந்தது. திருவிழா நாற்காலி நினைவுக்கு வந்தது. ராணியின் விரல்கூட நினைவுக்கு வந்தது...

"ஆமா மேடம்" என்றேன்.

முதல் பொய்க்கு லூர்தம்மாளின் கண்ணீரைச் சாக்குச் சொல்லலாம். இந்தப் பொய்க்கு யாரைச் சொல்வேன்? யாரும் என்னைக் கெஞ்சவில்லை, யாரும் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. இது முழுக்க முழுக்க என்னுடையது.

எங்கள் ஊரில் ஏன் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். தண்ணீரா, புகையா, வெறும் தற்செயலா... டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. ஒருவேளை எட்டுப் பேரையும் சேர்த்துப் பார்த்தாலும் தற்செயல்தான் என்றே வரலாம். ஆனால் அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் பார்க்கும்படி நான் விடவில்லையே! இன்றுவரை யாரும் அங்கே வந்து ஒரு குடம் தண்ணீரை எடுத்துச் சோதிக்கவில்லை. எதற்காக வருவார்கள்? வரைபடத்தில் அந்தக் கரை ஆரோக்கியமாக இருக்கிறது.

தவறாகப் பதிந்ததைச் சரிசெய்வதற்கு எங்கள் பிரிவில் ஒரு திருத்தத் தாள் உண்டு. ஒரே பக்கம். பழைய பதிவு, புதிய பதிவு, திருத்தக் காரணம், கையெழுத்து. ஏழு தாள் எடுத்துவந்து வீட்டில் வைத்திருக்கிறேன். ஏழிலும் பெயர் எழுதிவிட்டேன், பழைய முகவரி எழுதிவிட்டேன். புதிய பதிவு என்ற கட்டம் ஏழிலும் காலி. காரணம் என்ற கட்டமும் காலி. மேசையில் உட்கார்வேன், மூடியைக் கழற்றுவேன், மை காய்கிறவரை பிடித்துக்கொண்டிருப்பேன்... திரும்ப மூடிவிடுவேன்.

ஊரில் இப்போது இன்னொரு பெண்ணுக்கு ஓலை வாசிக்கிறார்கள். அந்த ஏழு வீட்டில் ஒரு வீட்டுப் பெண். நேற்று அவள் அம்மா போனில் கூப்பிட்டு, கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்றாள். நம்ம வீட்டு விசேஷம், நீதானே எல்லாம் என்றாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். திரும்ப வாசித்துப் பார்த்தேன். டவுன் இருக்கிறது, நாசரேத் இருக்கிறது, சாயர்புரம் இருக்கிறது, கொச்சிகூட இருக்கிறது. அந்த ஊரின் பெயர் மட்டும் இதிலும் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்... சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை. கை எழுத மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

ராணி என்றைக்காவது இதை வாசித்தால், விரலை வைத்து முதலில் அந்தப் பெயரைத்தான் தேடுவாள்.